மஞ்சள் பிரதி

சாரல் பிடித்து நான்காம் நாள். காலை எட்டரை மணிக்கு வண்டி இலஞ்சியில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன் போய் நின்றது. மதில் முழுக்கப் பாசி. வாசல் கதவு ஈரத்தில் ஊதிப்போய்ப் பாதிதான் திறந்தது. வீட்டுக்காரர் சொக்கம்மாள் டீச்சர், ஓய்வு பெற்றவர். கொல்லத்தில் மகனோடு போய் இருக்கப் போகிறார். வீட்டைக் காலி செய்து, சாமான்களை ஏற்றி, கொல்லத்தில் இறக்கிக் கொடுப்பது உமாசங்கரின் தொழில்.

அவனுக்கு முப்பத்தொரு வயது. பி.காம். படித்தவன். எட்டு மாதத்துக்கு முன்பு மனைவி அபர்ணா இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை.

வேலை எந்த வீட்டிலும் ஒரே மாதிரிதான். ஒவ்வொரு சாமானிலும் எண் அச்சடித்த வட்ட ஸ்டிக்கர் ஒன்று ஒட்ட வேண்டும். அதே எண்ணைப் போட்டு, சாமானின் பெயரைப் பட்டியல் புத்தகத்தில் எழுத வேண்டும். கார்பன் வைத்து மூன்று பிரதி. வெள்ளைத் தாள் சாமான்காரருக்கு, ரோஸ் தாள் டிரைவருக்கு. இரண்டையும் கிழித்துக் கொடுக்கலாம். மஞ்சள் பிரதி கிழியாது. அது புத்தகத்தோடு தைத்தது. எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற சாமானுக்குப் பட்டியலும், அதன் அடியில் கம்பெனி உரிமையாளரின் கையெழுத்தும் இருந்துவிட்டால் புளியரைச் சோதனைச் சாவடியில் கேள்வி வராது.

இன்னொரு விதியும் உண்டு. பட்டியல் முடிந்ததும் கடைசிச் சாமானுக்குக் கீழே இரட்டைக் கோடு. மீதிக் காலி வரிகளின் குறுக்கே ஒரு சாய்கோடு. கோடு முடிகிற இடத்தில் கையெழுத்து. அதற்குப் பிறகு அதில் யாரும் எதையும் சேர்க்க முடியாது. இது அபர்ணா வைத்த விதி. கோடு போடாத பட்டியலோடு வந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்பாள்.

கம்பெனி அவள் பெயரில் இருந்தது. வண்டியும் பெர்மிட்டும் அவள் பெயரில். பெண் பெயரில் தொடங்கினால் சலுகை என்று அப்படிச் செய்தார்கள். காகிதம் எல்லாம் அவள் பார்த்தாள். வண்டியையும் ஆட்களையும் அவன் பார்த்தான். அவள் போன பிறகு எந்த அலுவலகத்துக்கும் அவன் போய்ச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் கழிந்த மறுநாள், புதுப் புத்தகம் ஒன்றைப் பிரித்து வைத்து, ஐம்பது பட்டியலின் அடியிலும் அவள் கையெழுத்தை ஒரே உட்காரலில் போட்டு முடித்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அந்தப் பெயரை எழுத அவனால் ஆகாது. ஒரு நாள் தாங்கிக்கொண்டால் ஐம்பது நாள் தாங்க வேண்டாம் என்று கணக்குப் போட்டான்.

கையெழுத்து முதலிலேயே இருந்துவிட்டதால் கோடு போடுகிற பழக்கம் நின்றுபோயிற்று.

சொக்கம்மாள் டீச்சர் வெள்ளைத் தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் படித்துப் பார்த்தார். மொத்தம் முப்பத்தேழு சாமான். அபர்ணா என்பது யார் என்று கேட்டார். என் சம்சாரம் என்றான். அவள் வரவில்லையா என்றார்.

"வரல" என்றான் உமாசங்கர்.

பதினோரு மணிக்கு வண்டி கிளம்பியது. ஓட்டியவர் செங்கோட்டை மைதீன். ஆரம்பத்திலிருந்தே கூட இருப்பவர். ஐம்பத்தைந்து வயது, வாய் ஓயாமல் பேசுகிறவர், உமாசங்கரிடம் மட்டும் எட்டு மாதமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டவர். அவர் போன பிறகு அவன் பைக்கில் தென்காசிக்குத் திரும்பினான்.

அவனுக்கு நான்கு வயதில் ஒரு மகள். குழல்மொழி என்று பெயர்; கூப்பிடுவது குழலி. பகலில் அடுத்த வீட்டு அலிமா அக்கா பார்த்துக்கொள்வாள். அவள் கணவர் துபாயில் இருக்கிறார். அன்று குழலியை மழையில் கூட்டி வர அவன் அவளுடைய சிவப்பு மழைக்கோட்டைத் தேடினான். கொடியில் இல்லை. பீரோவில் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் இல்லை.

இப்படி நிறைய காணாமல் போயிருந்தது. தன் மறதிதான் என்று நினைத்திருந்தான். தேடுவது என்றால் அதற்கு ஒரு மனசு வேண்டும். அவனுக்கு அது இல்லை.

ஐந்தரை மணிக்கு மைதீன் கொல்லத்திலிருந்து பேசினார். சாமான் எல்லாம் இறக்கியாயிற்று, டீச்சருக்குத் திருப்தி என்றார். பிறகு போனை வைக்காமல் நின்றார்.

"என்ன பாய்?"

"தம்பி, ஒண்ணு கேப்பேன், கோவப்படக்கூடாது. பட்டியல்ல முப்பத்தெட்டாவதா சிவப்பு மழைக்கோட்டுன்னு எதுக்கு எழுதுனிய? அந்த டீச்சர் வீட்டுல சின்னப் பிள்ளையே கெடையாதே."

"நான் எழுதல."

"புளியரையில எண்ணும்போது இருந்துச்சு. எங் கண்ணால பாத்தேன். பின் கதவு ஓரமா மடிச்சு வச்சிருந்துச்சு, மேல முப்பத்தெட்டுன்னு ஸ்டிக்கரு. நல்லா நனஞ்சிருந்துச்சு. இங்கன வந்து இறக்குதேன், அது மட்டும் இல்ல. டீச்சர் அது எங்களது இல்லைன்னுட்டாங்க. அவங்களது இல்லாததக் காணோம்னு யாரு கேக்கப் போறா?"

உமாசங்கர் வெறும் கொடியைப் பார்த்தான்.

"இது ஒம்பதாவது தடவ தம்பி" என்றார் மைதீன். குரல் இறங்கியிருந்தது. "நீங்க இருந்த இருப்புக்கு இதப் போய்ச் சொல்லுவானேன்னு விட்டுட்டேன். சாவடியில சரியா இருக்கும். கேரளாவுல இறக்கும்போது ஒண்ணு கொறையும். ஒவ்வொரு தடவையும் கடைசில எழுதியிருக்கிறது மட்டும்தான்."

புத்தகம் வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் வீட்டிலிருந்து கொண்டுவந்து அவனே மாட்டியது. எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சாரல் தகரத்தின் மேல் மணலைத் தூவுகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

மஞ்சள் பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான்.

கேரளாவுக்குப் போன ஒவ்வொரு பட்டியலிலும், அவன் எழுத்து முடிகிற இடத்துக்குக் கீழே, கோடு போடாமல் விட்ட காலி வரியில், ஒரு சாமான் கூடுதலாக இருந்தது. சின்ன எழுத்து. ஒன்றுக்கொன்று சாயாத நேர் எழுத்து. ரசீதுகளிலும் பால் கணக்கிலும் குழலியின் தடுப்பூசி அட்டையிலும் அவன் ஆறு வருடம் பார்த்த எழுத்து.

எவர்சில்வர் டம்ளர், பெயர் வெட்டியது – 1.

சின்னப் பாய் – 1.

சின்னத் தலையணை – 1.

பால் சட்டி – 1.

சீப்பு – 1.

மஞ்சள் கவுன் – 1.

கலர் பென்சில் டப்பா – 1.

சின்னச் செருப்பு – 1 ஜோடி.

சிவப்பு மழைக்கோட்டு – 1.

எல்லாம் இந்த வீட்டுச் சாமான். எல்லாம் காணாமல் போனவை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் ஆகாத சில்லறைச் சாமான்கள். சேர்த்துப் படித்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது.

ஒரு குழந்தை எங்கேயோ தங்கியிருக்க என்னென்ன வேண்டுமோ, அது.

அடுத்த தாளைப் புரட்டினான். மறுநாள் வடகரையிலிருந்து கேரளாவுக்குப் போக வேண்டிய பாரூக் வீட்டுச் சாமானுக்கான தாள். அவன் இன்னும் தொடாத தாள்.

அதில் முதல் வரி எழுதியிருந்தது.

1. குழலி – 1.

செருப்புகூடப் போடாமல் அடுத்த வீட்டுக்கு ஓடினான். குழலி அங்கேதான் இருந்தாள். அலிமாவின் சமையலறையில் தரையில் உட்கார்ந்து, தோசை ஒன்றைப் பொறுமையாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டான். பிடரியில் முடியை ஒதுக்கியபோது விரலில் ஏதோ தட்டியது.

வட்ட ஸ்டிக்கர். எண் ஒன்று.

"இத யாரு ஒட்டுனா?"

"அம்மா" என்றாள் குழலி. வாயில் தோசை இருந்தது.

அலிமா அடுப்பை அணைத்தாள். யாரும் வரவில்லை, கதவு தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது என்றாள். மத்தியானம் மட்டும் ஆஸ்பத்திரி வாடை வந்தது; ஸ்பிரிட்டும், நனைந்த ரப்பரும் கலந்த மாதிரி. தெருவில் யாரையாவது ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருக்கிறார்களோ என்று ஜன்னலில் எட்டிப் பார்த்ததாகச் சொன்னாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள்.

அவன் ஸ்டிக்கரை உரித்து, அவள் அடுப்பை மறுபடி பற்றவைத்து அதிலேயே கொளுத்தினான். வீட்டுக்கு வந்து அந்தப் பட்டியலையும் கிழித்து எரித்தான். வெள்ளை, ரோஸ் இரண்டும் எரிந்தன. முடிந்தது என்று நினைத்தான். குழலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தான்.

மஞ்சள் பிரதி கிழியாது என்பது அவனுக்கு அப்போது நினைவில் இல்லை.

விடிந்ததும் அவனுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவளை அவன் இன்னும் சாக விடவில்லை. வண்டியில், பெர்மிட்டில், ஐம்பது தாளின் அடியில் அவள் உயிரோடு இருந்தாள். வேலைக்குக் கூப்பிட்டால் வருகிறாள். இதை முடிக்க வேண்டும் என்றால் காகிதத்தில்தான் முடிக்க வேண்டும். குழலியை அலிமாவிடம் ஒப்படைத்தான். கண்ணை விட்டு அகலாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னான். புத்தகத்தை மைதீனிடம் கொடுத்து வடகரைப் பட்டியலை அவரையே எழுதச் சொல்லிவிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனான்.

அலுவலகத்துக்கு எதிரே தார்ப்பாயின் கீழ் மேசை போட்டு சண்முகநாதன் உட்கார்ந்திருப்பார். விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருக்கும். உமாசங்கர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். பேயைப் பற்றிச் சொல்லவில்லை. கையெழுத்தைப் பற்றி மட்டும் சொன்னான்.

சண்முகநாதன் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"உசுரோட இருக்கிற எம் பொண்டாட்டி ஒரு கையெழுத்துப் போட ஒம்பது கேள்வி கேக்கா. நீ என்னடான்னா இல்லாதவளக் கொண்டு எட்டு மாசம் வண்டி ஓட்டியிருக்கே. வழியில ஒரு ஆளு மேல இடிச்சிருந்தா யாருலே கோர்ட்டுக்கு வருவா? அவளா வருவா?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். முப்பது நாளைக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும், பரவாயில்லை, தாமதத்துக்குக் காரணம் எழுதுவோம் என்றார். படிவம் முப்பத்தொன்றை எடுத்து வைத்தார். பிறகு இறப்புச் சான்றிதழைக் கேட்டார்.

அது இல்லை.

காய்ச்சல் முற்றித் தென்காசியில் கையை விரித்துவிட்டார்கள். திருவனந்தபுரத்துக்கு ஆம்புலன்ஸில் கொண்டு போனான். புளியரை தாண்டி மலை ஏறும்போது மூச்சு நின்றது. அங்கிருந்தே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். எந்த ஊரில் இறந்தாள் என்று எழுதுவது? அவன் பதியவே இல்லை.

"அதுக்கும் வழி இருக்கு தம்பி. ஓடுற வண்டியில உசுரு போச்சுன்னா, அதுக்கப்புறம் வண்டி மொதல்ல எங்கன நின்னுச்சோ அங்கன பதியணும். அதான் எடம்." பேனாவைத் திறந்தார். "எங்கன நின்னுச்சு?"

உமாசங்கர் சாலையைப் பார்த்தான்.

"எங்கயும் நிக்கல. நேரா வீட்டுக்கு வந்துட்டோம்."

இறந்த இடம் என்ற வரியில் சண்முகநாதன் அவன் வீட்டு முகவரியை எழுதினார். எழுதி முடித்ததும் அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. மை கலங்கியது. சாரலைத் திட்டிக்கொண்டு வேறு தாள் எடுத்து மறுபடி எழுதினார். அதே வரியில், அதே இடத்தில், மறுபடி ஒரு சொட்டு. மூன்றாவது தாளுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு எழுதினார்.

சொட்டு அவர் உள்ளங்கைக்கு அடியில் விழுந்தது.

அவர் நிமிர்ந்து தார்ப்பாயைப் பார்த்தார்.

"ஓட்டை எதுவும் இல்லையே தம்பி" என்றார் மெதுவாக.

ஸ்பிரிட் வாசனை வந்தது. உமாசங்கரின் போன் அடித்தது.

மைதீன். புளியரைச் சாவடியிலிருந்து. குரல் விட்டு விட்டு வந்தது.

"தம்பி, இங்கன ஒரு ஆளு பட்டியலப் பாக்கணும்னாரு. புக்கோட குடுத்தேன். அதுல ஒரு மஞ்சத் தாளு, மேல வெள்ளையும் இல்ல ரோஸும் இல்ல. பாப்பா பேரு எழுதியிருக்கு. அவரு அதப் பாத்துட்டுப் பின்னால போயி எட்டிப் பாத்தாரு. சிரிச்சுக்கிட்டே வந்து, எல்லாம் சரியா இருக்கு, போலாம்னுட்டாரு."

"எது சரியா இருக்குன்னாரு? பாய், பின்னால தொறந்து பாருங்க. வண்டிய எடுக்காதீங்க."

"எடுத்துட்டேனே தம்பி, மேல ஏறிக்கிட்டு..."

மலை போனை விழுங்கிவிட்டது.

அலிமாவைக் கூப்பிட்டான். குழலி உள் அறையில் தூங்குகிறாள், கதவுப்படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நிமிஷம்கூட எழுந்திருக்கவில்லை என்றாள். போய்ப் பாருங்கள் என்றான். அவள் நடந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

"அக்கா?"

"தம்பி" என்றாள் அலிமா. "போர்வை மட்டும்தான் கெடக்கு."

செங்கோட்டை வரை என்ன வேகத்தில் போனான் என்று அவனுக்குத் தெரியாது. சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. தென்னந்தோப்புகளும் வயல்களும் இரண்டு பக்கமும் வெறும் பச்சையாகக் கலைந்து ஓடின. என்னென்னவோ சொல்லிக் கெஞ்சிக்கொண்டே போனான். கடவுளிடம் இல்லை. அவளிடம்தான். பிள்ளையை விட்டுவிடு, அவளுக்கு நாலு வயசு, மழையில் சளி பிடிக்கும், உனக்குத் தெரியாதா அபர்ணா.

புளியரை தாண்டியது. சாலை மலையில் ஏறி எஸ் வளைவில் மடங்கியது. மேகம் சாலை வரை இறங்கியிருந்தது. பட்டப்பகல் பன்னிரண்டு மணி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

வளைவின் இரண்டாவது மடிப்பில் வண்டி நின்றிருந்தது.

அந்த இடம் அவனுக்குத் தெரியும்.

மைதீன் இறங்கி நின்றுகொண்டிருந்தார். எஞ்சின் தானாக நின்றுவிட்டது, டீசல் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை என்றார். அவன் கேட்காமல் பின்பக்கம் போனான். தாழ்ப்பாள் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. இழுத்தான்.

பாரூக் வீட்டுப் பீரோவும் கட்டிலும் மெத்தைச் சுருளும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன. ஏற்றும்போது யாரும் அப்படி இடைவெளி விடமாட்டார்கள். நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் பெருக்கித் துடைத்த மாதிரி இருந்தது. அங்கே சின்னப் பாய் விரித்திருந்தது. தலைமாட்டில் சின்னத் தலையணை. பக்கத்தில் பால் சட்டி, டம்ளர், சீப்பு, பென்சில் டப்பா. ஓரமாக ஜோடியாகச் செருப்பு. மஞ்சள் கவுன் மடித்து வைத்திருந்தது.

பாயின் மேல் குழலி உட்கார்ந்திருந்தாள். சிவப்பு மழைக்கோட்டு போட்டிருந்தாள். தலை வாரியிருந்தது. வகிடு நேராக இருந்தது. அலிமாவுக்கு அப்படி வகிடு எடுக்க வராது.

"குழலி, அப்பாட்ட வா."

அவள் அசையவில்லை. தன் பக்கத்தில், ஒன்றும் இல்லாத இடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா இன்னும் இறங்கல்லேப்பா" என்றாள். "நீ வரட்டும்னு இருக்கு."

ஸ்பிரிட் வாசனை. நனைந்த ரப்பர்.

வண்டியின் தளத்தில் அவன் முழங்கால் போட்டான். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாதது அவன் வாயிலிருந்து வந்தது.

"இங்கனதான் நின்னுச்சு அபர்ணா. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அன்றும் இப்படித்தான் மேகம் இறங்கியிருந்தது. மூச்சு நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸ் உதவியாளர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அவன் அவளோடு தனியாக இருந்தான். ஒரு நிமிடம்கூட அவனால் இருக்க முடியவில்லை. கண்ணாடியைத் தட்டி வண்டியை நிறுத்தினான். இறங்கிப் போய்ப் பாறைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றான். உள்ளே அவள் தனியாகக் கிடந்தாள். திரும்பி வந்து ஏறியபோது, விரிப்புக்கு உள்ளே அவன் வைத்துவிட்டுப் போன அவள் கை, வெளியே நீண்டு, அவன் உட்கார்ந்திருந்த இடத்தின் மேல் கிடந்தது. வளைவில் வண்டி ஆடியதில் சரிந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் அப்போது நின்றுகொண்டிருந்தது. ஆடவில்லை.

"பயந்துட்டேன்" என்றான். "ஒன்ன விட்டுட்டு இறங்கிட்டேன். பிள்ள என்ன செஞ்சா?"

கூரையில் சாரல் விழும் சத்தம் மட்டும்.

பிறகு பட்டியல் புத்தகம் பீரோவின் மேலிருந்து சரிந்து அவன் முன்னால் விழுந்தது. மஞ்சள் தாளில் திறந்து கிடந்தது. முதல் வரியில் குழலி. அடியில் அவன் போட்ட அபர்ணாவின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில், எல்லாப் பட்டியலிலும் இருக்கிற அந்தச் சின்ன அச்சு வரி: சாமான்களைச் சரியாகப் பெற்றுக்கொண்டேன். அதற்கு நேராக இருந்த இடம் காலியாக இருந்தது.

இறக்குகிற இடத்தில், பெறுகிறவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டியல் முடியும். தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். சேருமிடம் என்ற கட்டத்தில் எஸ் வளைவு என்று எழுதினான். பெற்றுக்கொண்டேன் என்பதற்கு நேராக, எட்டு மாதத்தில் முதல் முறையாக, தன் சொந்தப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

எஞ்சின் தானாக உறுமிக் கிளம்பியது.

முன்னால் மைதீன் அல்லாவைக் கூப்பிட்டது கேட்டது. குழலி எழுந்து வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உடம்பு சூடாக இருந்தது. உயிருள்ள சூடு. அவளைத் தூக்கிக்கொண்டு சாலையில் குதித்தான். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவனுக்கே தோன்றியது.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிக் கொடுத்தான். சண்முகநாதன் இறந்த இடம் என்ற வரியில் வளைவின் பெயரை எழுதியபோது தாள் நனையவில்லை. ஆம்புலன்ஸ்காரரைத் தேடிப் பிடித்துச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். அலைச்சல் இரண்டு மாதம். சான்றிதழ் வந்தது. வண்டி அவன் பெயருக்கு மாறியது. பெர்மிட் மாறியது. புதுப் புத்தகம் அடித்தான். ஒவ்வொரு பட்டியலிலும் இரட்டைக் கோடு, சாய்கோடு. ஒருநாளும் தவறவில்லை. எங்கேயும் ஒன்றும் குறையவில்லை. மைதீன் பழையபடி வாயாடத் தொடங்கினார். அலிமா, நீ இப்போதான் மனுஷனாட்டம் சாப்பிடுதே என்றாள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். குற்றாலத்தில் தண்ணீர் குறைந்து கூட்டம் ஓய்ந்திருந்தது. வீட்டில் குழலி யானை விளையாட்டுக்காக அவன் முதுகில் தொற்றிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவன் பிடரியில் சின்ன விரல் ஒன்று வட்டம் போட்டது.

"அப்பா, ஒனக்கு ரெண்டு."

அவன் கையைப் பின்னால் கொண்டு போனான். ஸ்டிக்கர் ஈரமாக இருந்தது.

குழலியை மெதுவாக இறக்கிவிட்டான். பீரோவைத் திறந்து பழைய புத்தகத்தை எடுத்தான். மஞ்சள் தாளைப் பிரித்தான். அன்று வளைவில் அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். கோடு போடவில்லை. அவசரத்தில், முதல் வரிக்குக் கீழே நாற்பத்தொன்பது வரிகளைக் காலியாக விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தான்.

இப்போது நாற்பத்தெட்டுதான் காலி.

2. உமாசங்கர் – 1.

சாயாத நேர் எழுத்து. அதற்குக் கீழே, எஸ் வளைவில் பெற்றுக்கொண்டேன் என்று அவனே போட்ட கையெழுத்து.

அவன் ஸ்கேலைத் தேடி எடுத்தான். பேனாவைத் திறந்தான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்தால் போதும். ஸ்கேலை வைத்துப் பார்த்தான். இரண்டு வரியும் ஒட்டிக்கொண்டிருந்தன. கோடு நுழைய இடம் இல்லை.

வாசலில், சாவி அவன் பையில் இருக்க, பூட்டி நிறுத்தியிருந்த வண்டியின் பின் தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம் கேட்டது.

"அப்பா" என்றாள் குழலி, ஜன்னலில் நின்று. "அம்மா பாய் விரிக்குது. பெரிய பாய்."